கோலா கிளாவாங்குக்குக் கொண்டுபோன பொங்கல் சீர்

காலை மணி ஆறு. சாலையில் ஊரடங்கு விலகிய கையோடு ரஹாங்கிலிருந்து கிளம்பிவிட்டேன். தலையில் கூடை, தோளில் பை, கக்கத்தில் இரண்டு கரும்பு. செரம்பான் பஸ் நிலையம் வரை ஒன்றரை மைல் நடை. எதிரே வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! தங்கைக்குத் தலைப்பொங்கல் சீர் கொண்டுபோகிறவன் வேறு எப்படிப் போவான்?

நான் தையற்காரன். ஒரு ஜவுளிக்கடை வாசலில் மெஷின் போட்டிருக்கிறேன். அப்பா அம்மா போன பிறகு என் தங்கை மரகதத்தை வளர்த்தது நானும் இந்த மெஷினும்தான். சென்ற தை மாதக் கடைசியில் அவளுக்குக் கல்யாணம் முடித்து, ஜெலுபுப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினேன். மாப்பிள்ளை வேலாயுதம் நல்ல மனிதர். ரப்பர் பால் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடத்தில் வேலை. குடி கிடையாது, பெரிய குடும்பமும் கிடையாது. எல்லாம் விசாரித்துத்தான் கொடுத்தேன்.

சித்திரையில் அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களை, அந்த வரிசை வீடுகளைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுவிட்டார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குத் தோட்டத்திலிருந்து சோறு போகக்கூடாதாம். இரண்டு வரிசை வேலி, ஒரே வாசல், துப்பாக்கியோடு காவல். செய்தி வந்த நாளிலிருந்து எனக்கு ஒரே நினைப்புத்தான்: அடப் பாவி, கூடப்பிறந்தவளைக் கொண்டுபோய் வேலிக்குள் தள்ளிவிட்டாயே!

இந்த ஒரு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அங்கே போகவில்லை. கேட்டவர்களிடம் யூனிஃபார்ம் ஆர்டர் தலைக்கு மேல் கிடக்கிறது என்றேன், மலைப்பாதையில் சுடுகிறார்கள் என்றேன். அத்தனையும் சாக்கு. அவள் முகத்தைப் பார்க்கப் பயம், அவ்வளவுதான். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று அவள் எழுதும் கடிதங்களைப் படித்துவிட்டு, எழுதாமல் விட்டது என்னவோ என்று நானே கற்பனை செய்துகொண்டு இரவெல்லாம் விழித்துக் கிடப்பேன்.

இந்த முறை வெறும் சீர் மட்டும் கொண்டுபோகவில்லை. செரம்பானை ஒட்டிய ராசாவில் மர ஆலை வைத்திருப்பவர் என் வாடிக்கைக்காரர். அவரிடம் நடையாக நடந்து மாப்பிள்ளைக்கு ஒரு வேலை பேசிவிட்டேன். பக்கத்திலேயே ஓர் அறையும் பார்த்தாகிவிட்டது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எப்படியாவது இருவரையும் சம்மதிக்க வைத்து அழைத்து வந்துவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் புறப்பட்டேன்.

ஆறே முக்காலுக்குக் கோலா கிளாவாங் பஸ். இருபத்து நான்கு மைல், ஒரு வெள்ளி பத்துக் காசு. கூடைக்குத் தனியாக இருபது காசு வாங்கினான் கண்டக்டர். கரும்புக்கும் கேட்டான். இரண்டு கரும்பும் என் மடியில்தான் உட்காரும் என்று சொல்லிக் கொடுக்க மறுத்துவிட்டேன். அவை குறுக்கே நீட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தவரின் தொப்பியை இடித்தன. அவர் நாகூர்ப் பக்கத்து பாய். கோலா கிளாவாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாராம்.

“என்ன தம்பி, கூடையில?” என்றார்.

“தங்கச்சிக்குத் தலைப்பொங்கல் சீர் பாய். பச்சரிசி, பருப்பு, வெல்லம்.”

“அரிசியா? யா அல்லாஹ்! தோட்டத்து வாசல்ல ஒரு பிடி விடமாட்டான்லா. என் கடை அரிசிக்கே பெர்மிட்டு கேக்குறான். பால் டின்னு வித்தாக்கூட, காட்டுக்குப் போகாம இருக்க ஓட்டை போட்டுத்தான் குடுக்கணும், தெரியும்ல?”

“அது சோத்துக்கு உள்ள அரிசி பாய். இது சீர் அரிசி.”

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான். சாப்பாட்டுக் கடைக்காரருக்கு எந்த அரிசியைப் பார்த்தாலும் சோறாகத்தான் தெரியும் என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டேன்.

ஏழேகாலுக்கு மேல் மலை ஏறத் தொடங்கியது. புக்கிட் தாங்கா வளைவுகளில் பஸ் மூச்சுவாங்கியது. ஒரு பக்கம் பள்ளம், இன்னொரு பக்கம் காடு, நடுவில் மூடுபனி. ஒரு வளைவில் இராணுவ லாரி இரண்டு எதிரே வர, எங்கள் பஸ் ஓரத்தில் ஒதுங்கிப் பத்து நிமிஷம் நின்றது. யாரும் பேசவில்லை. பனி விலகி, கீழே ஜெலுபு வயல்கள் தெரிந்தபோது பஸ்ஸில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். இப்படி ஒரு பச்சையை நான் செரம்பானில் பார்த்ததில்லை. இதைப் பார்க்கக்கூட ஒரு வருஷம் வராமல் இருந்துவிட்டோமே என்று இருந்தது.

எட்டேகாலுக்குக் கோலா கிளாவாங். தோட்டம் அங்கிருந்து நான்கு மைல். சீன டாக்சிக்காரர் ஒருவர் ஆளுக்கு ஐம்பது காசு வாங்கிக்கொண்டு ஐந்து பேரை அடைத்து ஏற்றிக்கொண்டார்.

எட்டு ஐம்பது. தோட்டத்து வாசல். காவலுக்கு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் தமிழர். முப்பது வயது இருக்கும். என் அடையாளக் கார்டை வாங்கிக்கொண்டு கூடையைத் திறந்தார்.

“அண்ணே, அரிசி உள்ள போகாது.”

“ஏன் போகாது? இது என்ன சாப்பிடுறதுக்கா கொண்டாந்தேன்? சீரு!”

“சரி, பொங்கின பொறவு என்ன செய்வீங்க?”

“சாப்பிடுவோம்.”

“அதான்லா அண்ணே.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. அவர் போட்டிருந்த காக்கிச் சட்டை, கால்சட்டையின் பைத் தையலை அப்போதுதான் பார்த்தேன். என் கைத் தையல், சந்தேகமே இல்லை. “நீ போட்டிருக்கிற சிலுவாரு, சட்டை எல்லாம் யாரு தைச்சது தெரியுமா? நான்!” என்று கத்தினேன்.

“நீங்கதானா? அதான் இடுப்புல இந்தப் புடி புடிக்குது.”

சத்தம் கேட்டு மலாய் சார்ஜன்ட் வெளியே வந்தார். பெரிய மீசை, நிதானமான பேச்சு. கான்ஸ்டபிள் அவரிடம் மலாயில், இது தமிழர்களின் அடாத் என்று விளக்கினார். அடாத் என்றால் வழிவழியாக வந்த வழக்கம். இந்த மாநிலத்து மலாய்க்காரர்களுக்கு அது உயிர். சார்ஜன்ட் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கூடையிலிருந்த ஒவ்வொன்றையும் எடுத்து, இது எதற்கு, அது எதற்கு என்று மரியாதையோடு கேட்டார். மஞ்சள் கொத்து எதற்கு என்று சொன்னேன். வெண்கலப் பானை எதற்கு என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

“அடாத் அடாத்துதான்” என்றார் கடைசியில். “ஆனால் பெராஸ் பெராஸ்தான்.”

அரிசி அரிசிதானாம். அரிசி, பருப்பு, வெல்லம் மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு, திரும்பும்போது வாங்கிக்கொள் என்றார். கரும்பைத் தட்டிப் பார்த்து, இதைத் தின்று எவனும் சண்டை போட முடியாது என்று விட்டுவிட்டார். பானை, மஞ்சள், சேலை, வேட்டி தப்பின. கார்டுக்குச் சீட்டு எழுதிக்கொண்டே என்னிடம் கேட்டார்: “தங்கையை ஏன் இவ்வளவு தூரம் அனுப்பினாய்? எங்கள் அடாத்தில் பெண் தாய்வீட்டை விட்டுப் போக மாட்டாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான்.”

சுருக்கென்று இருந்தது. அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். நான் ஒரு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருந்ததை ஒரு சார்ஜன்ட் வாயால் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. இன்றைக்கே அழைத்துப் போகிறேன் பார் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு உள்ளே நடந்தேன்.

வீட்டில் மாப்பிள்ளை மட்டும் இருந்தார். “வாங்க மச்சான், வாங்க! ஒரு வருஷம் ஆச்சா உங்களுக்கு வழி தெரிய?” என்று கையைப் பிடித்துக்கொண்டார். மரகதம் எங்கே என்றேன்.

“அவ டாப்பூர்ல இருக்கா. இன்னிக்கு அவளப் புடிக்க முடியாது மச்சான்.”

டாப்பூர் என்பது பொதுச் சமையற்கூடம். ஆறு மாதமாக அங்கே எந்த வீட்டிலும் ஒரு மணி அரிசி கிடையாது. எல்லார் பங்கு அரிசியையும் ஒரே இடத்தில் வேகவைத்து, சோறாகத்தான் அளந்து கொடுக்கிறார்கள். சோறென்றால் மறுநாளைக்குக் கெட்டுப்போகும், காட்டுக்குப் போகாது என்று கணக்கு. வீட்டு வாசலில் பொங்கல் வைக்க வழியில்லாததால், துரையிடம் கேட்டு இந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து டாப்பூரில் பொங்க அனுமதி வாங்கியிருக்கிறார்கள். நாற்பத்திரண்டு குடும்பத்துக்கும் ஒரே அண்டா.

மணி பத்து. டாப்பூர் வாசலில் நின்று தேடினேன். மெலிந்து, கறுத்து, கண் குழி விழுந்த ஒருத்தியைத் தேடினேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தன் உயரத்துக்கு ஒரு துடுப்பைப் பிடித்தபடி, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் ஒருவரை விறகு ஈரமாக இருக்கிறது என்று விளாசிக்கொண்டிருந்தாள் ஒரு பெண். அது என் தங்கை. கன்னம்கூடக் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது.

“வந்துட்டியா அண்ணே!” என்று முகமெல்லாம் சிரித்தாள். அடுத்த மூச்சில், “அப்படி ஓரமா நில்லு, தண்ணி கொண்டு வர்ற வழியில நிக்கிற” என்றாள். நான் ஓரமாக நின்றேன்.

பதினொன்றரைக்குப் பால் கொதிக்கத் தொடங்கியதும் வந்தது வினை. பொங்கல் எந்தப் பக்கம் வழியும்? கிழக்கே வழிந்தால் நல்லது என்றார் ஒருவர். மேல் லயத்துக்காரர்கள் மேல் லயம் பக்கம் என்றார்கள். ஆலை லயத்துக்காரர்கள் அண்டாவையே சற்றுத் திருப்பப் போனார்கள். நாற்பத்திரண்டு குடும்பமும் ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டு கூச்சல். அரிசியைக் கணக்குப் பார்க்க நின்ற, அதே தோட்டத்துக் கான்ஸ்டபிள் ஒருவர்கூட மெல்லத் தன் லயத்துப் பக்கம் நகர்ந்ததைப் பார்த்தேன்.

“வாய மூடுறீங்களா, இல்ல நெருப்ப அவிச்சிடவா?” என்றாள் மரகதம்.

சத்தம் அடங்கியது. அவள் குனிந்து, ஒரு பக்கம் கூடியிருந்த விறகை இழுத்து நாலா பக்கமும் சமமாகத் தள்ளினாள். பிறகு அண்டாவின் விளிம்பு வரை பாலை ஊற்றினாள். இனி ஒரு கரண்டி ஊற்ற இடமில்லை. ஒரு நிமிஷம் அசைவில்லாமல் இருந்தது. பிறகு சுற்றிலும் ஒரே நேரத்தில் நுரைத்து, எல்லாப் பக்கமும் வழிந்தது. “பொங்கலோ பொங்கல்!” என்று அவர்கள் கத்தியதில் எனக்குக் காது அடைத்தது. நானும் கத்தினேன். தொண்டை இன்னும் சரியாகவில்லை.

பன்னிரண்டரைக்கு வீட்டில் இலை போட்டாள். சீர்க் கூடையைப் பிரித்தவள், “பாதிக் கூடை காலியா இருக்கே?” என்றாள்.

“அரிசிய வாசல்ல புடுங்கிக்கிட்டான்.”

“அரிசி கொண்டாந்தியா? இங்கயா?” என்று சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளையும் சேர்ந்துகொண்டார். வேறு வழியில்லாமல் நானும் சிரித்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் மர ஆலை வேலையைச் சொன்னேன், அறையைச் சொன்னேன், திங்கட்கிழமையைச் சொன்னேன். மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, “எனக்குச் சரிதான் மச்சான். அவகிட்ட கேளுங்க” என்றார்.

மரகதம் இலையை மடித்தாள். “அண்ணே, வேலி போட்டப்ப அழுதேன். பொய் சொல்ல மாட்டேன். வேலைக்குப் போறப்ப கொண்டையக்கூட அவுத்துப் பாத்துட்டுத்தான் விடுவாளுங்க. ஆனி மாசம் துணியெல்லாம் மூட்டை கட்டி வெச்சிட்டேன். இவருகிட்டகூடச் சொல்லல.”

மாப்பிள்ளை தலைநிமிர்ந்தார். அவருக்கும் இது புதுச் செய்தி.

“மூணு ஞாயித்துக்கிழம அந்த வாசல்கிட்டப் போயி உக்காந்திருந்தேன். லாரி வந்தா எந்திரிச்சுப் பாப்பேன். டாக்சி வந்தா எந்திரிச்சுப் பாப்பேன். நீ வருவ, ஒன்கூடவே போயிரலாம்னு.”

நான் காலிக் கூடையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“நாலாவது ஞாயிறு டாப்பூரு தொறந்தாங்க. எறநூறு பேருக்குச் சோறு வடிக்க யாருக்குத் தெரியும்னு தொரை கேட்டாரு. ஒருத்தரும் வாயத் தொறக்கல. நீ வரலங்கிற கோவத்துல நான் கைய தூக்கிட்டேன்லா. ஒனக்கு மட்டும் சோறு வடிச்ச கை. மொத நாளு பாதி குழைஞ்சு, பாதி தீஞ்சு போச்சு. அத்தன பேரும் ஏசினாங்க. இப்ப பாத்தல்ல, நான் சொன்னா நிக்கிறாங்க.” சிரித்தாள். “அன்னிக்கு நீ வந்திருந்தா கெளம்பியிருப்பேன். நல்ல வேளைண்ணே, நீ வரல.”

அவள் குத்திக்காட்டவில்லை. மனத்தில் இருந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். எனக்குத்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “ஐய, பொங்கலும் அதுவுமா! மாசத்துக்கு ஒருக்கா வந்துட்டுப் போ, அது போதும்” என்று முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, அண்டா கழுவ ஓடினாள்.

இரண்டு மணிக்கு வாசலில் கார்டும் அரிசியும் திரும்பக் கிடைத்தன. சார்ஜன்ட் கை காட்டினார். மூன்று மணி பஸ் கிட்டத்தட்டக் காலியாக இருந்தது. ஒரு வருஷமாக என் மேல் நானே ஒரு குற்றம் சுமத்திக்கொண்டிருந்தேன், தங்கையைத் தவறான இடத்தில் கொடுத்துவிட்டேன் என்று. அந்தக் குற்றம் இன்று தள்ளுபடி ஆகிவிட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமை அவள் அந்த வாசலில் உட்கார்ந்திருந்தாளே, அந்த மூன்று நாளும் நான் ரஹாங்கில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று மலை இறங்கும்வரை யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. அவள் மன்னித்துவிட்டாள். நான் என்னை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும், சொன்னால் நம்பமாட்டீர்கள், இன்றைக்குப் போல வயிறு நிறைந்து, மனம் நிறைந்து நான் எந்தப் பஸ்ஸிலும் வந்ததில்லை.

ஐந்தேகாலுக்கு ரஹாங். நாளை காலை மெஷினைத் திறப்பதற்கு முன்னால் ராசாவுக்குப் போய், மாப்பிள்ளை வரமாட்டார் என்று மர ஆலைக்காரரிடம் சொல்ல வேண்டும். இவ்வளவு கெஞ்சிவிட்டு இப்போது என்ன என்று கட்டாயம் கோபித்துக்கொள்வார். கோபிக்கட்டும். என் தங்கைக்கு அங்கே வேலை இருக்கிறது என்று சொல்வேன்.