மூன்றாவது டப்பா

உதிரிப்பாகக் கிடங்கில் இருபத்தாறு வருடம் பொறுப்பாளராக இருந்தவரை எல்லோரும் 'ஸ்டோர்' என்றுதான் கூப்பிட்டார்கள். மனைவி மட்டும் 'என்னங்க' என்பாள். கோபம் வந்தால் அவளுக்கும் ஸ்டோர்தான். முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போக வேண்டும் என்பது கிடங்கின் சட்டம். மனிதர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சோப்பு, பனியன், பற்பசை எதுவும் அங்கே வரிசை மீறிப் பிரிக்கப்பட்டதில்லை.

எஸ்பிரெசோ மெஷின் வாங்கியபோது காப்பிக் கொட்டையும் அந்தச் சட்டத்துக்குள் வந்தது. பையில் வறுத்த தேதி இல்லையென்றால் ஸ்டோர் கடைக்காரரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். வறுத்துப் பத்து நாள் ஓய்வு, அப்புறம் மூன்று வாரம் உச்சம், அதற்குமேல் அது வெறும் உமி என்று வந்தவர் போனவருக்கெல்லாம் பாடம் எடுப்பார். வெயில் படாத அலமாரியில், காற்றுப் புகாத மூன்று டப்பாக்கள். ஒவ்வொன்றின் மேலும் குண்டு எழுத்தில் தேதி. கொட்டையை ஃப்ரிட்ஜில் வைப்பவர்களைப் பற்றி அவர் சொல்வதை அச்சில் ஏற்ற முடியாது.

இத்தனை சாஸ்திரத்திலும் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. மெஷின் வந்த மாதமே, தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் கூடுதலாக வாங்கித் தொலைத்தார். பழையது தீராமல் புதியதைத் திறக்கக் கூடாது. அது தீர்வதற்குள் புதியதும் கிழமாகிவிடும். அடுத்த பை வந்து நிற்கும். ஆக, தேதி பார்த்துப் புத்தம்புதுக் கொட்டை வாங்கிய அந்த மகான், ஒன்பது வருடமாக மக்கிப்போன காப்பியை மட்டுமே குடித்துவந்தார், மனைவிக்கும் கொடுத்துவந்தார்.

"மாமா, உங்க வீட்டுக் கொட்டை வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே ரிட்டயர் ஆயிடுது" என்பான் மச்சினன்.

"சிஸ்டம்னா சிஸ்டம்டா."

ஒரு வியாழக்கிழமை, மனைவியின் வயிற்றில் இருப்பது என்னவென்று டாக்டர் சொன்னார். திங்கட்கிழமை மருந்து ஏற்ற ஆரம்பிக்க வேண்டும். வெளியே வரும்போது நர்ஸ் சொன்னாள்: "வாய் ருசி போயிடும்மா. எதைச் சாப்பிட்டாலும் துருப்பிடிச்ச இரும்பு மாதிரி இருக்கும். சில பேருக்குத் திரும்ப வரும்." மற்ற சில பேரைப் பற்றி அவள் பேசவில்லை.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றிய கையோடு அலமாரி முன்னால் போய் நின்றாள். மூன்றாவது டப்பாவில் இருந்தது வறுபட்டுச் சரியாகப் பத்து நாள்.

"என்னங்க, திங்கக்கெழமைக்குள்ள இதுல ஒரே ஒரு காப்பி போட்டுக் குடுங்க. நல்ல காப்பின்னா எப்படி இருக்கும்னு ஒரு தடவை பாத்துடறேன்."

"குடிக்கலாம். முன்னால ரெண்டு டப்பா இருக்கேம்மா."

"நீங்க கட்டிக்கிட்டது என்னையா, டப்பாவையா?"

"ஞாயித்துக்கெழமைக்குள்ள ரெண்டையும் முடிச்சிடறேன், பாரு."

வரிசையை மீறித் திறந்தால் அவளுக்கு அவசரம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. குடித்தார். வெள்ளிக்கிழமை ஏழு, சனிக்கிழமை ஒன்பது. கை தந்தி அடித்தது, நெஞ்சு குதித்தது, கண் மூடவில்லை.

"மாமா, அதைக் குப்பையில கொட்டிட்டுப் புதுசத் திறங்க. உங்களுக்கும் சேத்து ஆஸ்பத்திரியில கட்டில் போடணுமா?"

"முடியப்போவுதுடா."

ஞாயிறு சாயங்காலம் இரண்டு கைப்பிடி மிச்சம். "காலையில முடிஞ்சிடும்" என்றார்.

"சரி, ஸ்டோர்" என்றாள் அவள்.

காலையில் ரத்தப் பரிசோதனைக்கு அவளை வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

மூன்றாவது டப்பா, அவளுக்கு முதல் மருந்து ஏறிப் பத்து நாள் கழித்து, முறைப்படி, அதன் வரிசையில் திறக்கப்பட்டது. அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அரைக்கும் மெஷின் கிழட்டுக் கொட்டைக்குப் பழகியது. மாவாக அரைத்துத் தள்ளியது. புதுக் கொட்டைக்கு அது ஆகாது. எஸ்பிரெசோ மெஷின் முக்கி முனகி, கருப்பாகச் சொட்டுச் சொட்டாக வடித்தது. இருந்த பதற்றத்தில் அவர் கவனிக்கவில்லை. கொண்டுபோய் நீட்டினார்.

அவள் நிதானமாகக் குடித்தாள். "ம்ம்... இதுதாங்க காப்பி."

ஸ்டோருக்குக் கண் கலங்கியது. கோப்பையைக் கழுவ எடுத்துப்போனவர், அடியில் இருந்ததை நக்கிப் பார்த்தார். கருகிய கசப்பு.

கோப்பையைக் கழுவி வைத்தார். பிறகு அரைக்கும் மெஷினின் திருகை இரண்டு புள்ளி தளர்த்தி, கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்து, மறுபடி போட்டார். மெல்லிய நூலாக, தேன் நிறத்தில் இறங்கியது. வீடே மணத்தது. ஒரு ஸ்பூன் வாயில் விட்டார். ஒன்பது வருடத்தில் இப்படி ஒன்றை அவர் ருசித்ததில்லை.

கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

அவள் நிதானமாகக் குடித்து முடித்தாள்.

"ம்ம்... இதுதாங்க காப்பி" என்றாள், அதே குரலில்.