பாவைக்கு ஒரு துடம் எண்ணெய்

போன வாரம் தம்பி மகள் போன் செய்தாள். "அத்தே, லீவுக்குப் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு மியூசியத்துக்குப் போறோம். டிக்கெட்டெல்லாம் போன்லயே எடுத்தாச்சு. அங்க என்னத்தையெல்லாம் பாக்கணும்?" என்றாள். என் வாயில் முதலில் வந்தது, "எண்ணெ எடுத்து வச்சியாட்டி?" என்பதுதான். அத்தைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

என்ன செய்ய, எனக்கு மியூசியம் என்றாலே நல்லெண்ணெய் வாசம்தான் வரும். நீங்களும் சிரிக்கிறீர்கள், தெரிகிறது. சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

எங்கள் ஜில்லா இந்தத் தமிழ்ப் பக்கம் வந்து சேருவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முந்தின கதை. அப்போது எங்களுக்குத் தலைநகரம் வடக்கே, மலையாளம் பேசுகிற பட்டணம். கொட்டாரத்துக்குக் கிழக்கே ஒரு வயற்காட்டு ஊரில் எனக்கு முதல் வேலை, ஒன்றாம் வகுப்பு டீச்சர். வயது இருபது. ஆனால் கொண்டையும் குடையுமாக நாற்பது வயதுக்காரி மாதிரி நடப்பேன். கோலப்பன் என்கிற விவசாயியின் வீட்டை ஒட்டி இறக்கியிருந்த சாய்ப்பில் குடியிருந்தேன். அவர் மனைவி செல்லம்மை. அவர்களுக்கு ஒரே பிள்ளை, வள்ளி, ஐந்து வயது.

இந்த வள்ளியின் தலைமுடியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பிறந்ததிலிருந்து கத்திரி படாத முடி. சிக்குப் பிடித்து முதுகில் ஒரு மூட்டை போலத் தொங்கும். எந்த வெயிலிலும் ஈர வாசனை அடிக்கும். பிள்ளையோ கெட்டிக்காரி. நான் பாடம் எழுதிப் பார்க்கும்போது எதிரே உட்கார்ந்து தலைகீழாகவே எழுத்தெல்லாம் படித்துவிட்டாள். "வைகாசியில பள்ளிக்கூடம் தெறக்கும், சேத்துருவமா?" என்று கேட்டால் செல்லம்மை முகம் வாடிவிடும்.

"நேர்ச்சை கெடக்கு டீச்சரே. அத முடிக்காம முடி எறக்கக்கூடாது. இந்தத் தலையோட அனுப்பினா பிள்ளைய எல்லாரும் சடைச்சின்னு விளிச்சே கொன்னுருவானுவ."

நேர்ச்சையின் கதை இது. கல்யாணமாகி எட்டு வருஷம் செல்லம்மைக்குப் பிள்ளை இல்லை. ஒரு கோடையில் கோலப்பன் வயலில் வாய்க்கால் வெட்டும்போது மண்வெட்டி 'டங்' என்று கல்லில் பட்டது. எடுத்துப் பார்த்தால், கையில் அகல் ஏந்தி நிற்கும் ஒரு பெண் சிலை. பாவை விளக்கு என்பார்களே, அது. புன்னை மரத்தடியில் நிறுத்தினார்கள். செல்லம்மை நாற்பத்தொரு நாள் அந்த அகலில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டாள். 'ஒரு பிள்ளையத் தா, அந்தப் பிள்ளை கையாலேயே உனக்கு ஒரு துடம் எண்ணெ ஊத்துகேன்' என்று நேர்ந்துகொண்டாள். துடம் என்றால் ஒரு சின்னக் குப்பி அளவு. பாவையும் கொடுத்துவிட்டாள். ஆனால் செல்லம்மை பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த சமயம், சர்க்கார் ஆட்கள் வந்து, பழைய சிலை, தலைநகரத்துக் காட்சி பங்களாவில், அதான் மியூசியத்தில், வைக்க வேண்டியது என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கோலப்பன் பெருமையாக ஒப்பு, அதாவது கையெழுத்து, போட்டுக் கொடுத்திருக்கிறார்.

"எம் பிள்ளையத் தந்தவள ஒரு ஒப்புல அனுப்பி வச்ச மனுசனாக்கும்," என்று செல்லம்மை சோறு போடும்போதெல்லாம் சொல்வாள். கோலப்பன் தலை நிமிராமல் சாப்பிடுவார்.

வள்ளியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேறு வழி இல்லை, காட்சி பங்களாவுக்கே போவதென்று தீர்மானமாயிற்று. அது எப்படி இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. கோயிலா, கச்சேரி ஆபீசா? செருப்பை வெளியே விடணுமா? பட்டு உடுத்தணுமா? ஊரில் அதைப் பார்த்தவர் தபால்காரர் ஒருத்தர்தான். அவரைப் பிடித்து உட்கார வைத்தோம்.

"உள்ள செத்த புலி, கரடி, மான் எல்லாத்துக்கும் வைக்கோலத் திணிச்சு நிறுத்தியிருக்கு. கண்ணு மட்டும் பளிங்கு. அதத் தாண்டிப் போனா சாமி செலையெல்லாம்."

செல்லம்மை நெஞ்சில் கை வைத்தாள். "அட பாவிகளா! செத்ததுக்கு நடுவுலயா எங்கம்மையக் கொண்டு நிறுத்தினானுவ? தீட்டாச்சே!"

சரி, மஞ்சள் தண்ணீர் ஒரு குப்பி. சாமான் பட்டியலில் இப்படி ஒவ்வொன்றாக ஏறியது. எண்ணெய், திரி, தேங்காய், பழம், புளிச்சோறு. நாள் வெள்ளிக்கிழமை. அதற்கு முன் மூன்று நாள் மீனை விலக்கி விரதம். "ஏட்டி, நீ காட்சி பங்களாவுக்குப் போறியா, கல்யாண வீட்டுக்குப் போறியா?" என்றார் கோலப்பன். செல்லம்மை பார்த்த பார்வையில் தோளில் மண்வெட்டியை வைத்துக்கொண்டு வயலுக்கு நடந்துவிட்டார்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எனக்குத்தான் படித்த திமிர் சும்மா இருக்க விடவில்லை. சர்க்கார் இடமாயிற்றே, முறைப்படி உத்தரவு வாங்கிவிடலாம் என்று, ஒரு குழந்தை ஒரு துடம் எண்ணெய் ஊற்ற அனுமதி வேண்டி இங்கிலீஷில் ஒரு மனு எழுதிப் போட்டேன். செல்லம்மையிடமும் பெருமையடித்துக்கொண்டேன். கேட்காமல் போயிருந்தால் கேள்வியே கிடையாது. இந்தப் புத்தி இருபது வயதில் யாருக்கு வருகிறது?

பத்து நாளில் தபால்காரர் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். "டீச்சரே, சீலு வச்ச கடுதாசியாக்கும்!" பிரித்தேன். இங்கிலீஷில் நாலே வரி. காட்சிப் பொருள்களைத் தொடவோ, அவற்றின் மேல் எண்ணெய் முதலியவை ஊற்றவோ அனுமதியில்லை. கீழே பெரிய ஊதா முத்திரை.

"உத்தரவு வந்துட்டா டீச்சரே?" செல்லம்மை மாவுக் கையோடு ஓடி வந்து நின்றாள். அந்த முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்ல? என் தலை தானாக 'ஆமாம்' என்று ஆடிவிட்டது. கடிதத்தை மடித்துப் பையின் அடியில் செருகினேன்.

நாகர்கோவிலில் பஸ் ஏறினோம். தக்கலை தாண்டியதும் வள்ளி என் மடியில் வாந்தி எடுத்தாள். பங்களாவுக்குள் செல்லம்மை கரடி, புலி எதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. மஞ்சள் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே நேராக நடந்தாள். கடைசி அறையில், ஒரு மரப்பீடத்தின்மேல், கயிறு கட்டின வளையத்துக்குள் நின்றாள் பாவை. பக்கத்தில் ஒரு அட்டை, 'விளக்கேந்திய பெண், காலம் தெரியவில்லை' என்று.

"ஏம்மா, இங்கினயா வந்து நிக்க?" என்று செல்லம்மை கேட்டாள். நான் அட்டையை இன்னொரு தடவை படித்தேன். அதற்குள் அவள் வள்ளியைத் தூக்கிக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நீட்டிவிட்டாள்.

"தொடருது! பெர்மிஷன் உண்டோ?" தொடாதே என்று மலையாளத்தில் கத்திக்கொண்டு காக்கி உடுப்பில் ஒரு காவல்காரர் ஓடி வந்தார்.

"உண்டு, உண்டு! டீச்சரே, அந்தக் கடுதாசிய எடுத்துக் குடுங்க," என்றாள் செல்லம்மை. குரலில் ராணி மாதிரி ஒரு மிடுக்கு.

செத்தேன் என்று நினைத்துக்கொண்டு பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடிக்கவில்லை, நேராகத்தான் பிடித்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கண் போயிற்று. முத்திரையைப் பார்த்தார். பிறகு வள்ளியின் தலைமுடியைப் பார்த்தார். அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

"சீல் உண்டு. மதி. தீ மாத்ரம் வேண்டா. வேகம் ஆவட்டே," என்றார். அது போதும், தீ மட்டும் வேண்டாம், சீக்கிரம் முடியுங்கள் என்று அர்த்தம். கடிதத்தை என் கையில் தந்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவருக்கு இங்கிலீஷ் தெரியுமா தெரியாதா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"ஊத்து மக்கா," என்றாள் செல்லம்மை. வள்ளி ஊற்றினாள். பாதி அகலில் விழுந்தது, பாதி பாவையின் இடது காலில் வழிந்தது.

அடுத்த வாரம் முடி இறக்கி, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வள்ளி என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். "சர்க்காரே உத்தரவு குடுத்தாவளாக்கும்," என்று செல்லம்மை சாகும்வரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையை நான் சொல்லவே இல்லை. பிற்பாடு மூன்று தடவை போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடது கால் மட்டும் கறுத்து மினுங்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் பார்த்துவிட்டு வா என்று தம்பி மகளிடம் சொல்லி அனுப்பினேன்.

நேற்று போனில் படம் வந்தது. கயிறு இல்லை. கண்ணாடிப் பெட்டி, மேலேயிருந்து வெளிச்சம். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு காலும் ஒரே நிறம். கீழே அவள் எழுதியிருந்தாள்: "கறை ஒண்ணும் இல்லியே அத்தே. நல்லா கழுவித் தொடச்சு வச்சிருக்காவ. சும்மா கத விட்டியளா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கதையா விடுகிறேன்? டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்த அந்தக் கடிதத்தை எடுத்தேன். செல்லம்மை இல்லை. காவல்காரரும் இருக்க மாட்டார். வள்ளியிடம் கேட்டால், "ஒண்ணும் ஓர்மை இல்ல டீச்சரே, பஸ்ல சத்தி எடுத்தது மட்டும் ஓர்மை இருக்கு," என்கிறாள். மிச்சமிருக்கும் ஒரே சாட்சி இந்தக் காகிதம். அதைப் படம் பிடித்து அனுப்பலாமென்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரித்தேன். நாலு வரியும் அப்படியே இருந்தன. அனுமதியில்லை.

மடித்து உள்ளே வைத்தேன். கொஞ்ச நேரம் அழுதேன், மறைப்பானேன். பிறகு தம்பி மகளுக்குப் பதில் எழுதினேன்: "அதுக்குத்தாண்டி கேட்டேன், எண்ணெ எடுத்து வச்சியான்னு."