பழவேற்காட்டுக்குக் கார் வேண்டாம்

திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த வருஷம், கோடை விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போகலாம் என்று என் கணவர் சொன்னார். நாங்கள் புத்தூரில் இருந்தோம். புத்தூர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. அவர் அங்கே உயர்நிலைப் பள்ளியில் தமிழ் வாத்தியார். கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் ஆகியும் எங்களுக்குக் குழந்தை தங்கவில்லை. நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை.

திருத்தணியிலிருந்து என் அக்காவும் அவள் கணவரும் வருவதாகப் பேச்சு. மாமாவுக்கு அங்கே நெல் மில் இருந்தது. தமிழ் ஊர்களை ஆந்திராவிலிருந்து மீட்கிற எல்லைப் போராட்டத்தில் அந்த ஊருக்கே முன்னால் நின்றவர். எங்கள் சொந்தத்தில் கார் வைத்திருந்தது அவர் ஒருவர்தான். நாலு பேரும் காரிலேயே போய் வந்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினார். அந்தக் காரில் நான் ஏறமாட்டேன் என்று கணவரிடம் சொன்னேன். வயிற்றைப் புரட்டும் என்று காரணம் சொன்னேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

கார் இல்லை என்று ஆனதும் அவருக்கு உற்சாகம்தான் வந்தது. காலை பாசஞ்சரில் புத்தூரில் நாங்கள் ஏறுவது, திருத்தணியில் அவர்கள் ஏறிக்கொள்வது, அரக்கோணத்தில் மாறி மெட்ராஸ். அங்கிருந்து கூடூர் பக்கம் போகிற வண்டியில் பொன்னேரி. பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் பழவேற்காடு. அங்கே ஏரியைப் படகில் தாண்டினால் ஒரு மணல்திட்டு, அதற்கு அந்தப் பக்கம் கடல். திரும்பும்போது ரயில் வேண்டாம், உப்பும் சவுக்கு விறகும் ஏற்றிக்கொண்டு கால்வாய் வழியாக மெட்ராஸ் போகிற படகில் இடம் கேட்டு வரலாம் என்றார். கரையில் ஆட்கள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டே நடப்பார்களாம், நாம் படகில் உட்கார்ந்து புளிச்சோறு தின்னலாமாம். புத்தூர் சந்தைக்கு வருகிற உப்பு வியாபாரியைப் பிடித்து இதையெல்லாம் விசாரித்து வைத்திருந்தார். ஜெயிலுக்குப் போய்வந்த பிறகு அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நானும் சிரித்தபடி முறுக்கு சுட்டேன்.

அந்தக் காரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன், மறியல் உச்சத்தில் இருந்தபோது, என் கணவர் திருத்தணிக்குப் போய் மாமாவின் ஆட்களோடு தண்டவாளத்தில் படுத்தார். பிடித்துக்கொண்டு போய் வேலூர் ஜெயிலில் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் வேலையை நிறுத்தி வைத்தார்கள்; வெளியே வந்த பிறகுதான் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு அப்போது ஏழு மாசம். ஒரு நாள் காலையில் ரத்தம் போக ஆரம்பித்தது. மருத்துவச்சி பார்த்துவிட்டு, இது என் கையில் ஆகாது, திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றாள். ரயில் ஓடவில்லை. ரோட்டில் கல்லைப் போட்டிருந்ததால் பஸ்ஸும் இல்லை.

பக்கத்து வீட்டில் ஒரு தெலுங்குக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அம்மாவின் கணவர் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. மாமாவின் காரைக் கேட்டு வருகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு திருத்தணிக்குப் போனார். போகும் வழியில் மறியல்காரர்கள் அவரை நிறுத்தினார்கள். அவருடைய தெலுங்குப் பேச்சைக் கேட்டதும் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டு, ஆந்திராவுக்கே திரும்பிப் போ என்று சொன்னார்களாம். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து திருத்தணிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். மாமாவைப் பார்த்திருக்கிறார். கார் மெட்ராஸுக்குப் போயிருக்கிறது, எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்று பதில். அவர் திரும்பி வரும்வரை காத்திருந்து, அதன்பிறகு அந்த அம்மா மாட்டு வண்டி பேசி என்னை ஏற்றினாள். வடமாலப்பேட்டை தாண்டும்போது வண்டியிலேயே பிறந்தது. ஆண் குழந்தை. உயிர் இல்லை. அந்த அம்மா தன் புடவையைக் கிழித்து அதைச் சுற்றினாள்.

கார் இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. கார் வெளியூர் போன நாளில் எனக்கு அப்படி ஆனது, அது என் விதி என்றுதான் நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அந்தக் கார் வாசலில் வந்து நின்றால் நான் உள்ளே போய்விடுவேன்.

திருத்தணி ஸ்டேஷனில் அக்காவும் மாமாவும் ஏறினார்கள். மாமா புது வேஷ்டியில் இருந்தார். பிளாட்பாரத்தில் அவருக்குக் கும்பிடு போட ஒரு கூட்டமே வந்திருந்தது. அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அரக்கோணம் வரும்வரை விடவில்லை. மெட்ராஸில் ரயில் மாறி, பொன்னேரியில் இறங்கி, கருவாட்டுக் கூடைகளோடு பஸ்ஸில் நெருக்கி உட்கார்ந்து பழவேற்காடு போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. என் கணவரோடு வேலை பார்க்கும் ஒருவருடைய உறவுக்காரர் வீட்டில் படுக்க இடம் கொடுத்தார்கள். அதுவரை எல்லாம் என் கணவர் திட்டம் போட்டபடியே நடந்தது. ஒவ்வொரு வண்டி கிடைத்தபோதும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

காலையில் படகு ஏறினோம். கரைக்காற்று பாயைத் தள்ளியது. ஏரித் தண்ணீர் இடுப்பளவுதான் என்று படகுக்காரர் கழியை ஊன்றிக் காட்டினார். போகிறபோது இந்தக் காற்று போதும், திரும்புவதற்குக் கடல்காற்று எழுந்தால்தான் ஆகும், அதுவரை அந்தப் பக்கம்தான் இருக்கவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எங்களை இறக்கிவிட்டு, படகிலேயே துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

மணல்மேட்டில் ஏறினால் கடல். அக்காவும் நானும் அங்கேயே நின்றுவிட்டோம். அவ்வளவு தண்ணீர் ஒரே இடத்தில் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. ஒரு சவுக்குத் தோப்பின் ஓரத்தில் ஜமுக்காளம் விரித்தோம். சோற்று மூட்டையை அக்கா பிரித்தாள்.

ஆண்கள் இருவரும் ஊர்க்கதையில் ஆரம்பித்து எல்லைக்கதைக்கு வந்தார்கள். மாமா திருத்தணியில் நடந்த ஊர்வலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் அடுத்த வருஷம் தமிழ் வகுப்பு இருக்குமா என்பதே தெரியவில்லை, எங்கள் ஊரைக் கடைசியில் யாருமே கேட்கவில்லையே என்றார்.

"எல்லாத்தையும் கேட்டுக்கினு இருந்தா திருத்தணியும் வந்திருக்காது வாத்தியாரே," என்றார் மாமா. "கெடச்சத வாங்கிக்கினோம். புத்தூர்ல ஜனம் எழுந்திருக்கல. அவங்கவங்க ஊருக்கு அவங்கவங்கதான் நிக்கணும்."

என் கணவர் ஜமுக்காளத்தில் ஒட்டிய மணலைத் தட்டினார். காது மட்டும் சிவந்துபோனது. அவர் படுத்த தண்டவாளம் மாமாவின் ஊர்த் தண்டவாளம். அதை அவர் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். நான் சொன்னேன்.

"உங்க ஊருக்காக இவரு ஜெயில்ல இருந்தப்பதான் மாமா நான் உங்ககிட்ட காரு கேட்டு அனுப்ச்சேன்."

கார் அன்றைக்கு மெட்ராஸ் போயிருந்தது என்று அப்போதே சொல்லி அனுப்பினேனே என்றார் மாமா. அதை எத்தனையோ தடவை சொல்லிப் பழகினவர் மாதிரி சொன்னார்.

அக்கா இலையில் சோற்றை வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"போவல," என்றாள். "காரு ஷெட்லதான் இருந்துச்சி. ரயில நிறுத்திட்டு நம்ம ஊட்டுப் பொம்பளைக்கு மட்டும் காரு ஓடுனா ஜனம் சிரிக்கும்னு சொன்னாரு. நான் கால்ல உழுந்து கேட்டேன்."

சொல்லிவிட்டு அடுத்த இலையை எடுத்து, அதிலும் சோற்றை வைத்தாள்.

மாமா மறுக்கவில்லை. ஆமாம், சொன்னேன் என்றார். அன்றைக்கு எத்தனையோ வீட்டில் நோயாளிகள் இருந்தார்கள், அவர்கள் எல்லாம் நடந்தும் வண்டி கட்டியும் போனார்கள், மறியலுக்குத் தலைமை தாங்குகிறவன் தன் சொந்தத்துக்குக் கார் எடுத்தால் மறுநாள் தண்டவாளத்தில் படுக்க எவன் வருவான் என்று கேட்டார். ஏழு மாசம் என்று தெரியும், இவ்வளவு மோசம் என்று தெரியாது என்றார். அவர் குரலில் வருத்தமும் இருந்தது. இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

நான் என் கணவரைப் பார்த்தேன். எழுந்து மாமாவின் சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேனா? தெரியாது. ஏதாவது ஒன்று செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் மணலை அள்ளி அள்ளி விரலிடுக்கில் விட்டுக்கொண்டிருந்தார். மணலைப் பார்த்தபடியே பேசினார்.

"அவர் சொல்றதுல தப்பு இல்ல. நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்."

"உங்க புள்ளைக்குமா?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆமாம் என்று தலையாட்டினதாகத்தான் எனக்குத் தோன்றியது. காற்றில் முடி அசைந்ததாகவும் இருக்கலாம். நான் மறுபடி கேட்கவில்லை.

எழுந்து தண்ணீர்ப் பக்கம் போனேன். அலை வந்து முழங்கால்வரை நனைத்தது. புடவை கனத்தது. காலடி மணலை இழுத்துக்கொண்டு போனது. அந்த ஜெயில் நாட்களில் அவர் நியாயத்துக்காக உள்ளே இருக்கிறார் என்று நானும் பெருமைப்பட்டவள்தான். பக்கத்து வீட்டு அம்மாவிடம்கூட அப்படித்தான் பேசியிருக்கிறேன். அந்த நியாயத்தில் எனக்கும் என் வயிற்றில் இருந்ததற்கும் இடமே இருந்ததில்லை என்பது அங்கே நின்றபோதுதான் புரிந்தது. அழுகை வரவில்லை. முகத்தில் உப்புத் தண்ணீர் தெறித்துக்கொண்டே இருந்தது. அக்கா பின்னால் வந்து நின்றாள். என்னைத் தொடவில்லை. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லிட்டு நான் அந்த ஊட்லதான இருக்கணும்," என்றாள்.

காற்று திரும்பும்வரை போக வழியில்லை. நாலு பேரும் அந்த மணலில், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வைத்த சோற்றை யாரும் தொடவில்லை. நண்டுகள் இலைவரை வந்து போயின. வெயில் மேற்கே சாய்ந்த பிறகு கடல்காற்று எழுந்தது. படகுக்காரர் மேட்டின் மேல் வந்து நின்று கூப்பிட்டார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். வெயில்தான் என்றார் என் கணவர்.

கால்வாய்ப் படகு வேண்டாம் என்று மறுநாள் மாமா சொன்னார். என் கணவர் ஒப்புக்கொண்டார். வந்த வழியே பஸ், வந்த வழியே ரயில். மெட்ராஸில் மாமா டீ வாங்கி வந்து முதல் டம்ளரை என் கணவரிடம் நீட்டினார். அவரும் வாங்கிக்கொண்டார். அரக்கோணம் வருவதற்குள் இருவரும் புத்தூரில் தமிழ் வகுப்பைக் காப்பாற்ற யாரிடம் மனுக் கொடுக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். மாமாவுக்கு உண்மையாகவே அக்கறை இருந்தது. என் கணவரும் அவர் சொல்வதை மரியாதையோடு கேட்டார். எதிர் பெஞ்சில் அக்காவும் நானும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

திருத்தணியில் அவர்கள் பெட்டியை என் கணவரே இறக்கிக் கொடுத்தார். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நீயும் இறங்கி நாலு நாள் இருந்துவிட்டுப் போ என்றாள். நான் வரவில்லை என்றேன். வண்டி நகர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு அவள் கணவரிடம் மாமா சொன்னது பொய் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. ஷெட்டின் கதவு திறந்திருந்ததாம், காரை அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தாராம். எனக்குச் சொல்லவேண்டாம் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள். "மீ அக்க இல்லு கதா, நுவ்வு மள்ளீ வெள்ளாலி கதா," என்றாள். உன் அக்கா வீடாயிற்றே, நீ மறுபடி அங்கே போகவேண்டுமே என்று நினைத்திருக்கிறாள். அவள் தோளில் சாய்ந்துதான் அன்றைக்கு அழுதேன்.

தமிழ் வகுப்பு இன்னும் சில வருஷங்கள் நடந்தது. மனுவால் நடந்ததா, பிள்ளைகள் இருந்ததால் நடந்ததா, தெரியாது. எனக்கு அதன்பிறகு ஒரு மகள் பிறந்தாள். அவளுக்குத் தமிழ்நாடு, தமிழ் எல்லை என்று எதையாவது நினைவூட்டுகிற பெயராக வைக்கவேண்டும் என்று என் கணவர் ஆசைப்பட்டார். நான் முடியாது என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவர் என்னிடம் விவாதம் செய்யாமல் விட்டார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டது அந்த ஒரு தடவைதான் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். போதுமா என்று கேட்டால், போதாது.