முன்பக்கம் ஹம்ஸா

மைசூர் மண்டி மொஹல்லாவுக்குப் பேய் வருவதென்றால் முதலில் வண்டி நிறுத்த இடம் தேட வேண்டும். அதனாலேயே அங்கே பேய்க்கதைகள் குறைவு. காமாக்ஷி வீட்டுக்கு வந்தது எங்கே நிறுத்தியதோ தெரியாது. வந்தது, ஆடவில்லை, சாம்பிராணி கேட்கவில்லை, உட்கார்ந்து ஸ்வெட்டர் ஊசியைக் கையில் எடுத்தது.

காமாக்ஷிக்கு அறுபது தாண்டிவிட்டது. கணவர் கணபதிராமன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா ஹம்ஸாவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. போன தை மாதம் காலமாகும்வரை ஒவ்வொரு மதியமும் இங்கே வந்து கட்டிலில் சாய்ந்துகொண்டு பின்னுவாள். காமாக்ஷி நாற்காலியில். எந்த உடுப்பானாலும் அக்கா முன்பக்கம், தங்கை பின்பக்கம். சட்டத்தை யார் போட்டது என்று கேட்கவே வேண்டாம்.

ஹம்ஸாவுக்கு இறுக்கமான கை. காமாக்ஷிக்குத் தளர்ந்த கை. ஒரே நூல், ஒரே ஊசி கொடுத்தாலும் அக்கா பின்னியது சின்னதாகவும் தங்கை பின்னியது பெரிதாகவும் வரும். அதனால் காமாக்ஷி எப்போதும் ஒரு சுற்று மெல்லிய ஊசியை எடுத்துக்கொள்வாள். அக்கா தடித்த ஊசியை எடுத்திருந்தாலும் கணக்கு சரியாகியிருக்கும். அந்த யோசனை அந்த வீட்டில் யாருக்கும் வந்ததில்லை.

இப்படித்தான் இருவரும் டெஸ்ட் நிட்டிங்கில் இறங்கினார்கள். புது உடுப்புக்கு எந்த ஊசி, எத்தனை கண்ணி என்று பேட்டர்ன் எழுதுகிறவர்கள், விற்பதற்கு முன்னால் ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு ஆளைப் பிடித்துப் பின்னச் சொல்வார்கள். எழுதியபடி பின்னினால் எழுதிய அளவு வருகிறதா என்று தெரிய வேண்டுமே. நூல் நம்முடையது, கழுத்து வலி நம்முடையது, தப்பு கண்டுபிடித்துச் சொல்வதும் நம் பொறுப்பு. கைம்மாறாக, பேட்டர்னின் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லி நம் பெயரைப் போடுவார்கள். இதற்கு அடிதடி நடக்கிறது. இந்த வீட்டிலிருந்து போன உடுப்புகளுக்கெல்லாம் ஹம்ஸா பெயர்தான் வந்தது. ஃபோன் அவளுடையது.

இந்தக் கோடையில் பெங்களூர் பிரதிபா, கையில்லாத பருத்தி டாப் ஒன்றை ஒன்பது சைஸில் எழுதி ஆள் கேட்டாள். காமாக்ஷி தன் ஃபோனில், தன் பெயரில், தன் உடம்புக்கான ஐந்தாம் சைஸைக் கேட்டு வாங்கினாள்.

"ஏன்னா, இந்தத் தடவை என் பேர் வரும்."

"வரட்டும். முழுப்பேரா கொடு. காமுன்னு போட்டுடப் போறா."

முதலில் அளவு பார்க்கக் கையகல மாதிரித் துண்டு. பேட்டர்னில் சொன்ன ஊசியே ஒத்துவந்தது. பிரதிபாவுக்கும் தளர்ந்த கை போலிருக்கிறது. பிறகு பழக்கப்படி நாற்காலியில் உட்கார்ந்து பின்பக்கம். அச்சாக வந்தது. காமாக்ஷி அதைக் கணவரிடம் காட்டினாள், கீழ்வீட்டு கௌரம்மாவிடம் காட்டினாள், பால்காரரிடம் காட்டாதது அவர் சீக்கிரம் கிளம்பிவிட்டதால்தான்.

அடுத்து முன்பக்கம். பின்னி முடித்து, பின்பக்கத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். கீழே கிடந்தது இரண்டு பக்கமும் வெளியே தெரிந்தது. கணபதிராமன் டேப்பை எடுத்தார். முன்பக்கம் மூன்றாம் சைஸ் இருந்தது. ஹம்ஸாவின் சைஸ்.

"ஊசி மாறிடுத்தோ?"

"அதே ஊசிதான்."

"கண்ணியை எண்ணினியா?"

"எண்ணியாச்சு. ஒண்ணும் குறையலை."

"அப்போ நூல் சுருங்கியிருக்கும்."

"தண்ணியே படலையே."

கௌரம்மா கொள்ளேகால்காரி. அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே மைசூரில் சிலர் சூனியத்தையும் எலுமிச்சம்பழத்தையும் நினைப்பார்கள். பாவம், அவள் பட்டுப்புடவை விற்கிறாள். இரண்டு துண்டையும் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏனுங்க்கா, இதை எங்க உக்காந்து போட்டீங்க?"

"கட்டில்ல. நாற்காலியில முதுகு பிடிச்சுக்கறது."

"அப்பறமென்னுங்க" என்று சொல்லிவிட்டு அவள் புடவை மூட்டையுடன் இறங்கிப் போனாள்.

பிரதிபா ஃபோனில் கனிவாகத்தான் பேசினாள். "ஆன்ட்டி, முன்பக்கத்தைப் பிரிச்சு மறுபடி போட்டுடுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும். இல்லேன்னா அஞ்சாம் சைஸை வேற யாருக்காவது கொடுக்கணும்."

காமாக்ஷி கட்டிலிலேயே உட்கார்ந்து நூலை இழுத்தாள். கழுத்து போயிற்று, தோள் போயிற்று, மார்பு போயிற்று. வயிற்றுப் பக்கம் வந்ததும் நூல் தடுக்கி நின்றது. குனிந்து பார்த்தாள். முடிச்சு.

ஒரு நூல்கண்டு முடிந்து அடுத்தது ஆரம்பிக்கும் இடம் அது. அங்கே காமாக்ஷி முடிச்சுப் போடவே மாட்டாள். இரண்டு நுனியையும் தொங்கவிட்டு, கடைசியில் உள்ளே செருகிவிடுவாள். முடிச்சுப் போடுகிறவள் ஹம்ஸா. அதுவும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு. அவிழ்ந்துபோனால் நீயா வந்து நிற்பாய் என்பாள்.

"மில்லுலயே முடிச்சுப் போட்டு அனுப்புவான்" என்றார் கணபதிராமன்.

அனுப்புவார்கள். ஆனால் ஒரு கண்டின் வாலையும் அடுத்ததன் தலையையும் மைசூருக்கு வந்து கட்டிவிட்டுப் போக எந்த மில்லிலும் ஆள் கிடையாது. காமாக்ஷியே ஞாபகமில்லாமல் போட்டிருக்கலாம். 'லூஸா போடறே காமு' என்று ஆயுள் முழுக்கக் கேட்ட குரல் நின்றுபோனால், கை பயந்துபோய்த் தானே இறுகிக்கொள்ளவும் கூடும். இரண்டில் எது அதிகம் கலக்குகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

"இழுடி. உன் பேர் வரணும்னியே."

"மிச்சத்தையும் இழுத்தா அவ போட்டது ஒண்ணுமே இருக்காது."

"போட்டது நீ."

"அப்படின்னா நீங்க இழுங்கோ."

கணபதிராமன் கையை நீட்டினார். முடிச்சுக்குக் கொஞ்சம் முன்னால் கை நின்றது. கண்ணாடியைத் துடைக்க வேண்டும் என்று எழுந்து போனார்.

காமாக்ஷி அவிழ்ந்த கண்ணிகளை மறுபடி ஊசியில் ஏற்றிப் பின்னினாள். கேட்காமலே இறுக்கமாக வந்தது. அதை முடித்துவிட்டு, அச்சாக வந்திருந்த தன் பின்பக்கத்தை எடுத்து, ஒரே மூச்சில் கடைசிக் கண்ணிவரை பிரித்துப் போட்டாள். டப்பாவைத் திறந்து மெல்லிய ஊசியை எடுத்தாள்.

"ஒழுங்கா இருந்ததைப் போய்ப் பிரிக்கறியே" என்றார் கணபதிராமன்.

"எப்பவும் நான்தானே அவளுக்கு ஒத்துப்போவேன்."

ஞாயிற்றுக்கிழமை பிரதிபாவுக்குச் செய்தி போயிற்று: அஞ்சாம் சைஸ் என்னால முடியலைம்மா. கூப்பிய கைகள் ஒரு ஜோடி பதிலாக வந்தன. அந்த சைஸுக்கு நேரே இப்போது ஒரு புனேக்காரியின் பெயர் இருக்கிறது.

டாப்பை நனைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, காய்வதற்காகக் கட்டிலில் விரித்து ஓரமெல்லாம் குண்டூசி குத்தினாள் காமாக்ஷி. முன்னும் பின்னும் ஒரு நூல் பிசகாமல் பொருந்தியிருந்தன. கணபதிராமன் டேப்பை வைத்துப் பார்த்தார்.

"சுத்தமா மூணாம் சைஸ். இது யாருக்குடி ஆகும்?"

"தெரிஞ்சுண்டே கேக்காதீங்கோ."

அன்று மதியம் அவர் சோபாவில் கால் மடக்கிப் படுத்தார். மறுநாள் டாப் காய்ந்துவிட்டது. குண்டூசியெல்லாம் எடுத்து, மடித்து, பீரோவில் வைத்தாயிற்று. கட்டில் காலியாகத்தான் இருக்கிறது. சோபாவில் இடுப்பு வலிக்கிறது என்று தினமும் முனகிக்கொண்டே கணபதிராமன் அதிலேயே படுக்கிறார். கட்டிலில் படுத்தால் என்ன என்று காமாக்ஷி இதுவரை கேட்கவில்லை.