வேலு திருப்பிய சாவி

இன்று பாலிக் புலாவ் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா, நான் இங்கே எழுதும் தொடர்கதையின் வாசகியாம்.

போன அத்தியாயம் நினைவிருக்கிறதா? நூறு வருஷத்துக்கு முந்தைய பினாங்கு. மரகதமும் வேலுவும் வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போகிறார்கள். வேலு சாவியைத் திருப்பி காரைக் கிளப்புகிறான். பக்கத்தில் மரகதம் அழுகிறாள்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. அந்தக் காலத்துக் காடி சாவியத் திருப்பினா எடுக்காதுலா. முன்னால நின்னு ஹேண்டில் சுத்தணும்."

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"எங்க வீட்டுக்காரரு ஒண்ணு வச்சிருக்காரு. அவரு வெளிய நின்னு சுத்துவாரு, நான் உள்ள உக்காந்து பெடல மிதிச்சு எண்ணெ குடுப்பேன். எஞ்சின் பிடிச்சா தெருவே எந்திரிச்சிரும்."

எனக்குப் பகீரென்றது. தெரு எழுந்தால் மரகதத்தின் அப்பாவும் எழுந்துவிடுவாரே!

இறங்கும்போது அக்கா சொன்னார்: "அதுங்க மாட்டிக்கக் கூடாது தம்பி, பாவம்லா."

வீட்டுக்கு வந்ததும் திருத்தி எழுதினேன். வேலு காருக்கு முன்னால் நின்று ஹேண்டில் சுற்றுகிறான். மரகதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டீயரிங் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். எஞ்சின் பிடித்துவிட்டது. மாடியில் அப்பாவின் விளக்கும் எரிகிறது.

இதுவரை அவளுக்கு அழ மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். இப்போது, வேலு ஓடிவந்து ஏறும்வரை காத்திருப்பாளா என்பதே சந்தேகமாக இருக்கிறது.

நீங்களே சொல்லுங்கள்லா.