கீமோ வேண்டாம் என்று வந்த ரிசல்ட்

1. நல்ல சேதி

ரிசல்ட் நல்லபடியாக வந்த அன்றைக்குத்தான் எங்கள் ஓ.பி.யில் பெரிய வாக்குவாதம் நடந்தது. போடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், கேன்சர் பிரிவில் நான் நர்ஸாக இருந்தேன். மதுரையிலிருந்து வாரம் ஒருமுறை டாக்டர் வருவார். சின்ன வயசு, கெட்டிக்காரர், பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்.

முத்துலட்சுமிக்கு மார்பில் ஆபரேஷன் முடிந்திருந்தது. சின்னக் கட்டி, ஹார்மோனால் வளரும் வகை, அக்குளுக்குப் பரவவில்லை. இப்படிப்பட்டவர்களுக்குக் கீமோ தேவையா என்று முன்பெல்லாம் குத்துமதிப்பாகத்தான் முடிவெடுப்பார்கள். இப்போது அகற்றிய கட்டியில் ஒரு துணுக்கை வெளியூர் லேபுக்கு அனுப்பினால், அதில் எந்தெந்த ஜீன் எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறது என்று அளந்து ஒரு ஸ்கோர் தருகிறார்கள். நோய் திரும்பும் வாய்ப்பு எவ்வளவு, கீமோ கொடுத்தால் பலன் உண்டா என்று அதை வைத்துச் சொல்லலாம். முத்துலட்சுமியின் ஸ்கோர் மிகவும் குறைவு. கீமோ வேண்டாம், ஹார்மோனை அடக்கும் மாத்திரையே போதும். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

2. சாம்பிள்

அவர் கணவர் ராஜாங்கம் ஏலக்காய் வியாபாரி. டாக்டர் அவருக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன் என்று, "நீங்க மூடையில சாம்பிள் எடுத்துப் பாக்குறீங்கல்ல, அதே மாதிரிதான் இந்த டெஸ்ட்" என்றார். எவ்வளவு பொருத்தமான உதாரணம் என்று நானும் மெச்சிக்கொண்டேன். ராஜாங்கத்தின் முகம் மாறிவிட்டது.

"மேல நல்லா பருத்த எட்டு எம்எம் காயா நிரப்பிட்டு, அடியில சொத்தையத் தள்ளுன மூடைய எத்தனை பாத்திருக்கேன் தெரியுமா? சாம்பிளை நம்பி ஏமாந்தவன் நான். அதே கணக்குலயா என் பொண்டாட்டிக்கு வைத்தியம் பாக்குறீக?"

டாக்டர் பதறிப்போய், இது அப்படியல்ல என்று ஏதேதோ விளக்கினார். ஒன்றும் எடுபடவில்லை. அரைகுறையாக விட்டு நாளைக்கு நோய் வந்துவிட்டால் யார் பொறுப்பு என்று ராஜாங்கம் திரும்பத் திரும்பக் கேட்டார். நியாயமான பயம்தான். மனைவி மேல் உயிரையே வைத்திருந்த மனுஷன். கடைசியில் ஃபைலை வாங்கிக்கொண்டு, மனைவியை வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டார். பிடிவாதமாகக் கேட்டால் கீமோ கொடுக்கிற இடங்கள் உண்டு.

இவ்வளவும் நடந்தபோது முத்துலட்சுமி எடை பார்க்கும் மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். டாக்டரும் ராஜாங்கமும் அவர் தலைக்கு மேலாகவே பேசிக்கொண்டிருந்தார்கள், நானும் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

3. ஊக்கு

ஒரு வருஷம் கழித்து முத்துலட்சுமி எங்கள் ஓ.பி.க்குத் திரும்பி வந்தார். கீமோவில் கொட்டிய முடி திரும்ப வளர்ந்திருந்தது. விரல்கள்தான் மரத்துப் போயிருந்தன. சில கீமோ மருந்துகள் நரம்பை அப்படிச் செய்யும். பலருக்குப் போகப் போகச் சரியாகும், சிலருக்கு அப்படியே தங்கிவிடும். முத்துலட்சுமிக்குத் தங்கிவிட்டது. ஜாக்கெட் ஊக்குக்கூட மாட்ட முடியவில்லை, அவுகதான் மாட்டி விடுறாக என்று சொல்லும்போது சிரித்தார். ராஜாங்கம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

நோய் திரும்பவில்லை. கீமோ இல்லாமலும் திரும்பியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஒரே ஆளை வைத்து அதை நிரூபிக்க யாராலும் முடியாது. அவர் கணவருக்கும் அது ஒருநாளும் தெரியப் போவதில்லை.

கிளம்பும்போது முத்துலட்சுமி என்னைக் கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"மாத்திரையே போதும்னு அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுருச்சு, சிஸ்டர். ஆம்பளைக ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருந்தாக. நீங்களாவது என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கீமோ வார்டில் எத்தனை பேரின் கையில் ஊசி ஏற்றியிருக்கிறேன், எத்தனை பேருக்கு வாந்திக்குப் பாத்திரம் பிடித்திருக்கிறேன். அந்த ஒரு வார்த்தை எனக்குத் தோன்றவில்லையே என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை, ரிசல்ட் வந்தால் கூட வந்தவர்களைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிடுவேன். நோயாளியிடம் முதலில் விவரத்தைச் சொல்லி, உங்களுக்கு என்ன தோணுது என்று கேட்பேன். முறைத்துக்கொண்டு போன கணவன்மார் உண்டு, டாக்டரிடம் புகார் சொன்ன மகன்களும் உண்டு. பரவாயில்லை. முதன்முதலாக நான் அப்படிக் கேட்ட நோயாளி அம்மா, தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு, "என்னையவா கேக்குறீக?" என்றார்.