மொட்டைத் தலைகள் ஏறிய கார்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். மகள் வாழப்போன வீட்டு விஷயம். நான் அதிகம் படித்தவளும் இல்லை. மாதேஸ்வரன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு இப்போது எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய ஆஸ்டின் கார் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு காப்பித் தோட்டக்காரர் வாங்கியது. அவரிடமிருந்து கொள்ளேகால் பட்டு வியாபாரி ஒருவருக்குப் போய், பிறகு என் மாமனாரிடம் வந்தது. மாமனாருக்குப் பின் என் வீட்டுக்காரர் அதை வாடகைக்கு ஓட்டினார். கௌதள்ளிப் பக்கத்து ஜனங்களை ஏற்றிக்கொண்டு மாதேஸ்வரன் மலைக்குப் போவார். முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் கிளம்பும். மலை ஏறும்போது ரேடியேட்டர் கொதித்துவிடும். எல்லோரும் இறங்கி, "உகே மாதப்பா" என்று மாதேஸ்வரனைக் கூப்பிட்டபடி தள்ளுவார்கள். கிளம்பும் முன் வண்டிக்கு நெற்றி மாதிரி இருக்கிற பானெட்டில், ஈர விபூதியை மூன்று விரலால் இழுப்பது வழக்கம். வருஷக்கணக்கில் இழுத்தும் தேய்த்துக் கழுவியும் பெயிண்ட் மங்கி, அங்கே மூன்று கோடு நிலைத்துவிட்டது.

மைசூருக்குக் குடிவந்த பிறகு வண்டி ஷெட்டில் கிடந்தது. மாப்பிள்ளைதான் அதைச் சரிசெய்து பழைய கார் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். எங்கே பெயிண்ட் அடித்தாலும் அந்தக் கோட்டைத் தொடக்கூடாது என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். கண்காட்சியில் யாரோ அந்தக் கோட்டைப் பார்த்து, "இது அரண்மனை அடையாளமா?" என்று கேட்க, மாப்பிள்ளை தலையாட்டியிருக்கிறார். அடுத்த வருஷம் வண்டி முன்வரிசைக்குப் போனது. "அரண்மனைக் கார்" என்று பலகையும் வந்தது.

அன்று காருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு என் வீட்டுக்காரரை உட்கார வைத்திருந்தார்கள். பார்க்க வந்த தமிழ்க்காரர் ஒருவர், "தாத்தா, மகாராஜா எந்த சீட்ல உக்காருவாரு?" என்று கேட்டார்.

"மகாராஜாவா? முடி இறக்கப் போறவங்களும், இறக்கிட்டு வர்ற மொட்டைங்களும்தானுங்க இதுல உக்காந்தாங்க. பாதி வழி தள்ளவும் செஞ்சாங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளை முந்திக்கொண்டு, "மாமாவுக்கு வயசாச்சு சார். ஞாபகம் தப்பிப்போச்சு" என்றார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது இவர், "எனக்கா ஞாபகம் தப்பிப்போச்சு?" என்று மட்டும் கேட்டார். "இல்லீங்க" என்றேன். அதன்பிறகு அவர் கண்காட்சிப் பக்கம் போகவே இல்லை. அந்தக் குறையோடேயே போய்ச் சேர்ந்தார்.

போன தசராவுக்கு முன், பழைய கார்களைச் சேர்த்து வைக்கும் ஒருவரை மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்து வந்தார். வண்டியின் கதையைக் கல்லில் பொறித்து வைக்கப் போகிறாராம். "அரண்மனை வண்டிதானேம்மா?" என்றார் வந்தவர். மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசெல்லாம் சலித்துப்போயிருந்தது.

"மாப்பிள்ளைங்க கோவிச்சுக்கக் கூடாது. எங்க வீட்டுக்காரருக்கு ஞாபகம் தப்பலைங்க. இது மலைக்கு மொட்டை போடப் போறவங்க வண்டி. அந்தக் கோடு விபூதிங்க."

வந்தவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். "உங்க வாயாலயே கெடுத்துட்டீங்களே அத்தை" என்று மாப்பிள்ளையும் கிளம்பினார். மகள் போன் செய்து மாசக்கணக்காகிறது.

நேற்று பக்கத்து வீட்டம்மா கேட்கிறார்: "மகாராஜாவே மொட்டை போட்டுக்க உங்க கார்லதான் மலைக்குப் போனாராமே?"

ஒவ்வொருவருக்கும் மறுத்துச் சொல்ல இனி எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் எழுதிவிட்டேன். படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். ராஜாவைச் சேர்க்காமல், வண்டி தள்ளியவர்களை விட்டுவிடாமல், நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். மாதப்பன் உங்களைக் காப்பான்.